உப்புக்காற்றுக்கு எந்த 50 மி.மீ.? ரேஞ்ச்பைண்டர் கேமராவுக்கான பழைய லென்ஸ்கள்: ஓர் ஒப்பீடு

தண்டையார்பேட்டைத் தம்பி ஒருவர் சென்ற மாதம் லென்ஸ் இல்லாத ஜோர்கி-4 என்ற சோவியத் கேமராவுடன் என்னைத் தேடி வந்தார். "அண்ணா, உடம்பு கிடைத்துவிட்டது, கண்தான் இல்லை" என்றார். பத்து நாள் கழித்து ராயபுரத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், மாமனார் விட்டுச் சென்ற லைக்கா 3-எஃப் கேமராவைத் தோல் உறையிலிருந்து எடுத்துக் காட்டினார். அதில் இருந்த எல்மார் லென்ஸுக்குள் சிலந்தி வலைபோலப் பூஞ்சை படர்ந்திருந்தது. "இதைச் சுத்தம் செய்வதா, வேறு வாங்குவதா தம்பி?" என்று கேட்டார்.

இருவருக்கும் தேவை ஒன்றுதான்: அன்றாடம் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்க ஒரு 50 மி.மீ. லென்ஸ். ஆனால் இருவருக்கும் நான் சொன்ன பதில் வேறு வேறு. இதே குழப்பத்தோடு இன்னும் சிலர் கேட்டிருப்பதால் காரணங்களை விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த இரண்டும் ரேஞ்ச்பைண்டர் கேமராக்கள், அதாவது லென்ஸ் வழியே பார்க்காமல் தனிச் சாளரத்தில் இரண்டு பிம்பங்களை ஒன்றாக்கிப் போகஸ் பார்ப்பவை. இரண்டும் 39 மி.மீ. திருகு மவுண்ட் (லென்ஸைப் பூட்டும் வாய்) கொண்டவை. கீழே பேசும் லென்ஸ்கள் எல்லாம் இரண்டிலும் ஏறும். 1954-இல் எம்-3 கேமராவோடு வந்த லைக்கா எம் மவுண்ட் வைத்திருப்பவர்களும் ஒரு மில்லிமீட்டர் தடிமனுள்ள அடாப்டர் வளையம் போட்டு இவற்றைப் பயன்படுத்தலாம். ஆனால் ஏறுவது வேறு, பொருந்துவது வேறு.

## முதலில் அளவுகோல்கள்

பழைய லென்ஸ் ஒப்பீடுகளில் பெரும்பாலானவை கூர்மையையும் பின்புல மங்கலையும்தான் அளக்கின்றன. அவை முக்கியம்தான். ஆனால் வட சென்னையில் பாரிமுனையிலிருந்து எண்ணூர் வரை கடலை ஒட்டி வாழும் நமக்கு முதல் அளவுகோல் காற்று.

காற்றைத் தொடும் முகங்கள். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 65, 70 சதவீதத்தைத் தாண்டி நெடுநாள் நின்றால் லென்ஸுக்குள் பூஞ்சை பிடிக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் நம் வீடுகளில் அதைவிடக் குறைந்தால்தான் வியப்பு. பூஞ்சை பிடிப்பதும், உயவுப்பசை ஆவியாகிப் படிவதும் காற்றைத் தொடும் கண்ணாடி முகங்களில். ஆகவே ஒரு லென்ஸுக்குள் அப்படிப்பட்ட முகங்கள் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். தனியாக நிற்கும் கண்ணாடியோ ஒன்றாக ஒட்டிய கண்ணாடிகளோ ஒரு தொகுதி. மூன்று தொகுதிகளாகக் கட்டிய லென்ஸில் ஆறு முகங்கள். அவற்றில் முன்னும் பின்னும் உள்ள இரண்டைத் துணியால் துடைத்துவிடலாம். கை எட்டாதவை நான்கு. நான்கு தொகுதிகள் என்றால் கை எட்டாதவை ஆறு. ஆறு தொகுதிகள் என்றால் பத்து. இந்த ஊரில் லென்ஸ் வாங்கும்போது நான் முதலில் போடும் கணக்கு இதுதான். ஒட்டிய கண்ணாடிகளுக்கு வேறொரு நோய் உண்டு: ஒட்டுப்பசை காலப்போக்கில் பிரிந்து விளிம்பில் வானவில் நிறம் காட்டும். அதைச் சரிசெய்வது பூஞ்சையை எடுப்பதைவிடக் கடினம்.

எதிர்வெயில். காசிமேட்டில் படகுகள் கரை சேரும் நேரத்தில் சூரியன் கடலிலிருந்துதான் எழுகிறது. மீன் கூடை தூக்குபவரை, வலை உதறுபவரைக் கரையிலிருந்து எடுத்தால் வெளிச்சம் நேராக லென்ஸுக்குள் விழும். கோட்டிங் (எதிரொளியைக் குறைக்கும் மெல்லிய பூச்சு) இல்லாத ஒவ்வொரு முகமும் ஏறத்தாழ 4 சதவீத வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும். திரும்பிய வெளிச்சம் உள்ளேயே சுற்றி, படத்தின் கறுப்பைச் சாம்பலாக்கிவிடும்.

குறைந்த வெளிச்சம். விடியுமுன் ஏலக்கூடத்திலும் மாலை மங்கியபின் சௌகார்பேட்டைச் சந்துகளிலும் 400 வேகப் பிலிமுக்கு எஃப் 2, 1/30 வினாடி என்பது வழக்கமான அளவு (எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது). அதே வெளிச்சத்தில் எஃப் 3.5 லென்ஸ் ஏறத்தாழ 1/10 வினாடி கேட்கும். கை நடுங்காமல் இருக்கலாம். ஏலம் கேட்கும் பெண்ணின் கை அசையாமல் இருக்காது.

எந்தக் கேமரா. சோவியத் உடம்பா, லைக்கா அளவில் செய்த உடம்பா? இதை ஜூபிட்டர் பகுதியில் விளக்குகிறேன்.

விலைச்சீட்டில் இல்லாத செலவு. சுத்தம் செய்யும் கூலி, கிடைக்காத அளவில் பில்டர், ஹுட் (பக்க வெளிச்சத்தை மறைக்கும் முன் வளையம்), வெளிநாட்டிலிருந்து வந்தால் சுங்கத் தீர்வை, பாதுகாக்கும் பெட்டி.

## எல்மார் 5 செ.மீ. எஃப் 3.5

மாக்ஸ் பெரெக் வடிவமைத்து, 1920-களில் முதல் லைக்காவோடு புகழ்பெற்ற லென்ஸ். நான்கு கண்ணாடி, மூன்று தொகுதி. கை எட்டாத முகங்கள் நான்கே. உள்ளே தள்ளி மடக்கினால் கேமரா சட்டைப் பைக்குள் போய்விடும். பகலில், எஃப் 5.6-க்கு மேல், இந்தச் சின்னக் கண்ணாடி தரும் தெளிவு இன்றும் என்னை நிறுத்திப் பார்க்க வைக்கிறது. ஒரு மீட்டர் தூரத்தில் முழுதாகத் திறந்தாலும் ஏறத்தாழ எட்டு சென்டிமீட்டர் ஆழம் போகஸில் இருக்கும், முகம் தப்பாது.

இடைஞ்சல்களும் உண்டு. அபெர்ச்சரை (வெளிச்சம் புகும் துளையை) மாற்றும் முனை, முன் கண்ணாடியை ஒட்டி, நகத்தால் தள்ளும் அளவில் இருக்கிறது. விரல்ரேகை கண்ணாடியில் படாமல் மாற்றுவதே ஒரு பயிற்சி. வழக்கமான ஹுட்டைப் போட்டால் அந்த முனை உள்ளே மறைந்துவிடும். பழைய எல்மார்களில் அபெர்ச்சர் எண்கள் 4.5, 6.3, 9, 12.5 என்று வரும். வெளிச்சமானியோடு பழகியவர்களுக்குச் சில நாள் தடுமாற்றம். இரண்டாம் உலகப் போருக்கு முந்தையவற்றில் கோட்டிங் கிடையாது. காசிமேட்டு விடியலை எடுப்பவர் கோட்டிங் உள்ள, போருக்குப் பிந்தைய எல்மாரைத்தான் தேட வேண்டும். மங்கலான நீலச் சாயல் தெரிந்தால் கோட்டிங் இருக்கிறது என்று பொருள்.

எல்மார் என்று பெயர் பொறித்த போலிகள் ஏராளம். சோவியத் லென்ஸ்களில் எழுத்தை மாற்றி விற்பார்கள். கண்டுபிடிக்க ஒரு வழி: அசல் எல்மாரில் அபெர்ச்சர் இதழ்கள் முதல் கண்ணாடிக்கு அடுத்தே இருக்கும். சைஸ் நிறுவனத்தின் டெஸ்ஸார் அமைப்பில் செய்த சோவியத் லென்ஸில் அவை இரண்டாவது கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும். முன்னிருந்து பார்த்தாலே ஆழ வித்தியாசம் தெரியும்.

எப்போது இதுவே நல்லது: பெரும்பாலும் பகலில் எடுப்பவர், கேமரா எடையாகத் தெரியக் கூடாது என்பவர், எப்படியும் ஏற்கெனவே ஒன்று வீட்டில் வைத்திருப்பவர்.

## ஜூபிட்டர்-8, 50 மி.மீ. எஃப் 2

என்னிடம் அதிகம் உழைத்த லென்ஸ் இது. அதனால் கொஞ்சம் நீண்டே பேசுகிறேன்.

லூட்விக் பெர்டெலே 1930-களின் தொடக்கத்தில் சைஸ் நிறுவனத்துக்காக வடிவமைத்த சோனார் இதன் மூலம். போருக்குப் பின் ஜெர்மனியிலிருந்து இழப்பீடாக அந்தத் தொழில்நுட்பம் சோவியத் ஒன்றியத்துக்குப் போனது. ஆறு கண்ணாடிகளை மூன்றே தொகுதிகளாக ஒட்டிக் கட்டியிருக்கிறார்கள். கோட்டிங் என்பதே இல்லாத காலத்தில் எதிரொளியைக் குறைக்க பெர்டெலே எடுத்த வழி அது: காற்றைத் தொடும் முகங்களைக் குறைத்துவிடு. தொண்ணூறு ஆண்டு கழித்து அதே குணம் நம் ஊர்ப் பூஞ்சைக்கு எதிராகவும் உதவுகிறது. எஃப் 2 வேகமும் கை எட்டாத நான்கே முகங்களும் ஒரே லென்ஸில், இந்த விலையில், வேறெதிலும் கிடையாது.

படத்தின் குணமும் தனி. முழுதாகத் திறந்தால் நடுவில் கூர்மை, ஓரத்தில் மென்மை. மனித முகங்களுக்குக் கனிவான சாயல். எஃப் 4-க்குப் போனால் கட்டடத்தையும் நம்பி எடுக்கலாம். எதிர்வெயிலை ஓரளவு தாங்கும், ஹுட் போட்டால் நன்றாகவே தாங்கும். 40.5 மி.மீ. பில்டரும் ஹுட்டும் எளிதில் கிடைக்கின்றன.

இனி பொருத்தம். லைக்கா தன் ரேஞ்ச்பைண்டரை 51.6 மி.மீ. குவியத் தூரத்தை அடிப்படையாக வைத்து அமைத்தது. சோவியத் ஆலைகள் ஜெர்மானியக் கான்டாக்ஸ் கேமராவின் வழியில் 52.4 மி.மீ. அளவைப் பின்பற்றின. இரண்டுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. தொலைவில் அது தெரியவும் தெரியாது. ஆனால் ஒரு மீட்டர் தூரத்தில் எஃப் 2 தரும் போகஸ் ஆழமே ஏறத்தாழ நாலரை சென்டிமீட்டர்தான். லைக்கா உடம்பில் ஜூபிட்டரை மாட்டி, எதிரில் தேநீர் குடிப்பவரின் கண்ணில் போகஸ் வைத்தால், சில சென்டிமீட்டர் பிசகிப் படம் தவறிவிடும். லென்ஸுக்குள் இருக்கும் மெல்லிய வளையத்தின் தடிமனை மாற்றி இதை ஓரளவு சரிக்கட்டலாம். அதற்குத் தெரிந்த கையும் பொறுமையும் வேண்டும். ஜோர்கி, ஃபெட் போன்ற சோவியத் உடம்பில் இந்தத் தொல்லை கிடையாது, உடம்பின் ரேஞ்ச்பைண்டர் சரியாக இருக்கும்வரை.

சோனார் வடிவத்துக்கே உரிய இன்னொரு குணம்: அபெர்ச்சரை மூட மூட போகஸ் தளம் சற்றுப் பின்னால் நகரும். எஃப் 2-இலும் எஃப் 5.6-க்கு மேலும் கவலையில்லை. இடையில், மிக நெருக்கத்தில் மட்டும் கவனம்.

தரம் ஆளுக்கு ஆள் மாறுவதுபோல் லென்ஸுக்கு லென்ஸ் மாறும். யாராவது கழற்றி, கண்ணாடியைத் தலைகீழாகப் பூட்டியிருந்தாலும் வியப்பில்லை. வரிசை எண்ணின் முதல் இரண்டு இலக்கங்கள் பெரும்பாலும் தயாரித்த ஆண்டைக் குறிக்கும். பழைய உயவுப்பசை கெட்டியாகிப் போகஸ் வளையம் இறுகியிருந்தால் அதைப் புதுப்பிக்கும் கூலியை விலையோடு சேர்த்துக்கொள்ளுங்கள்.

எப்போது இதுவே நல்லது: சோவியத் கேமரா வைத்திருப்பவர், மனிதர்களை எடுப்பவர், மங்கிய வெளிச்சத்திலும் வேலை செய்பவர்.

## இண்டஸ்டார்-61, எஃப் 2.8

டெஸ்ஸார் அமைப்பு, நான்கு கண்ணாடி, மூன்று தொகுதி, லாந்தனம் கலந்த கண்ணாடி. மலிவு. நல்ல கூர்மை. குவியத் தூரம் 55 மி.மீ. என்று பொறித்திருப்பார்கள், 50-ஐவிடச் சற்று நெருக்கமாகத் தெரியும். ஆறு இதழ் அபெர்ச்சர் எஃப் 5.6-ஐ ஒட்டி நட்சத்திர வடிவம் எடுக்கும். பின்னணியில் மின்விளக்கு இருந்தால் அவை நட்சத்திரமாக விழும். சிலருக்கு அது அழகு, எனக்குக் கண்ணை உறுத்துகிறது. வெயிலில் உயவு எண்ணெய் கசிந்து இதழ்களில் படிந்திருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். லைக்கா உடம்புப் பொருத்தம் பற்றி ஜூபிட்டருக்குச் சொன்னது இதற்கும் பொருந்தும், எஃப் 2.8 என்பதால் பாதிப்பு சற்றுக் குறைவு.

எப்போது இதுவே நல்லது: கையில் பணம் குறைவு, பிலிமுக்குச் செலவிட வேண்டும் என்பவருக்கு.

## கேனன் 50 மி.மீ. எஃப் 1.8

பட்டியலில் மிகத் துல்லியமாகச் செய்யப்பட்டது இது. 1950-களில் வந்தது, ஆறு கண்ணாடி, நான்கு தொகுதி. லைக்கா அளவிலேயே செய்ததால் லைக்காவிலும் கேனன் பி, கேனன் 7 உடம்புகளிலும் போகஸ் அப்படியே விழும். எஃப் 1.8-இலேயே பயன்படுத்தத் தக்க கூர்மை, சீரான அபெர்ச்சர் வளையம், கையில் உறுதி. நல்ல நிலையில் ஒன்று கிடைத்தால் மற்றவற்றை மறந்துவிடலாம்.

அந்த "நல்ல நிலையில்" என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்த லென்ஸில் அபெர்ச்சருக்குப் பின்னால் உள்ள கண்ணாடியில் மூடுபனிபோல ஒரு படலம் படிவது ஊரறிந்த குறை. உயவுப்பசையின் ஆவி அங்கே படிந்து, காலப்போக்கில் கண்ணாடியையே அரித்துவிடுகிறது. தொடக்க நிலையில் துடைத்தால் போய்விடும். அரித்தபின் எந்தக் கையாலும் திரும்பாது.

என் முதல் கேனன் அப்படித்தான் போயிற்று. விற்றவர் "லேசான தூசி" என்றார். பகல் வெளிச்சத்தில் எனக்கும் தூசியாகத்தான் தெரிந்தது. திருவொற்றியூர்க் கோயில் தெருவில் மாலை வெயிலுக்கு எதிராக எடுத்த ஒரு பிலிம் முழுவதும் பால் ஊற்றியதுபோல் வெளுத்து வந்தது. பழுதுபார்ப்பவர் ஒருவர் கழற்றித் துடைத்துக் கூலியும் வாங்கிக்கொண்டு, கறை நிலைத்துவிட்டது என்று திருப்பித் தந்தார். லென்ஸ் விலை, கூலி, பிலிம், கழுவும் செலவு எல்லாம் சேர்த்தால் அடுத்துச் சொல்லப்போகும் நிக்கோரே வாங்கியிருக்கலாம். அன்று நான் இழந்தது அந்த மாலையையும்தான். அந்தத் தேர்த்திருவிழாக் கூட்டம் மறுபடி அப்படி அமையவில்லை.

இன்னொரு மறைமுகச் செலவு: இதற்கு வேண்டியது 40 மி.மீ. பில்டர். 40.5 அல்ல. கடையில் கேட்டால் இல்லை என்பார்கள்.

எப்போது இதுவே நல்லது: லைக்கா அளவு உடம்பு வைத்திருப்பவர், லென்ஸை நேரில் கையில் வாங்கி டார்ச் அடித்துப் பார்க்க முடிபவர். படத்தை மட்டும் பார்த்துத் தபாலில் வாங்குவதாக இருந்தால், திருப்பித் தரும் உரிமை இல்லாமல் தொடாதீர்கள்.

## நிக்கோர் எச்-சி 5 செ.மீ. எஃப் 2

இதுவும் சோனார் வடிவம்தான், மூன்று தொகுதி. ஆனால் ஜப்பானியக் கைத்திறத்தில், லைக்கா அளவில். 1950-இல் டோக்கியோவில் இருந்த லைஃப் இதழின் படப்பிடிப்பாளர் டேவிட் டக்ளஸ் டங்கன் நிக்கோர் லென்ஸ்களைக் கண்டு, கொரியப் போருக்குத் தன் லைக்காவில் அவற்றை மாட்டிக்கொண்டு போனார். நிக்கோரின் உலகப் புகழ் அங்கிருந்து தொடங்கியது. எடை அதிகம், கிடைப்பது குறைவு, விலை கேனனைவிட மேலே. லைக்கா உடம்புக்காரர் எஃப் 2 வேகமும் குறைந்த முகங்களும் சேர்ந்து வேண்டும் என்றால் காத்திருந்து வாங்க வேண்டியது இதைத்தான்.

1953-இல் வந்த லைக்காவின் மடக்கும் சும்மிக்ரான் லென்ஸைப் பலர் கேட்கிறார்கள். மிக அருமையான லென்ஸ். ஆனால் ஏழு கண்ணாடி, ஆறு தொகுதி. கை எட்டாத முகங்கள் பத்து. முன் கண்ணாடியின் கோட்டிங் மென்மையானது, துடைத்தே கீறியிருப்பார்கள். உலர்பெட்டி வைத்திருப்பவர் மட்டும் யோசிக்கலாம்.

## ஒரே பார்வையில்

| லென்ஸ் | கை எட்டாத முகங்கள் | எதிர்வெயில் | லைக்கா உடம்பில் | சோவியத் உடம்பில் | முதலில் பார்க்க வேண்டிய குறை |
|---|---|---|---|---|---|
| எல்மார் எஃப் 3.5 | 4 | கோட்டிங் இருந்தால் நன்று | பொருந்தும் | நெருக்கத்தில் சோதிக்கவும் | போலி, பூஞ்சை |
| ஜூபிட்டர்-8 எஃப் 2 | 4 | ஹுட்டோடு நன்று | நெருக்கத்தில் பிசகும் | பொருந்தும் | இறுகிய வளையம், தவறாகப் பூட்டியது |
| இண்டஸ்டார்-61 எஃப் 2.8 | 4 | நன்று | நெருக்கத்தில் சற்றுப் பிசகும் | பொருந்தும் | இதழ்களில் எண்ணெய் |
| கேனன் எஃப் 1.8 | 6 | படலம் இல்லாவிட்டால் நன்று | பொருந்தும் | நெருக்கத்தில் பிசகும் | அபெர்ச்சருக்குப் பின் படலம் |
| நிக்கோர் எஃப் 2 | 4 | ஹுட்டோடு நன்று | பொருந்தும் | நெருக்கத்தில் பிசகும் | ஒட்டுப்பசை பிரிதல் |

விலை மாதத்துக்கு மாதம் ஏறி இறங்குகிறது. இண்டஸ்டார் அடியில், அடுத்து ஜூபிட்டர், மேலே ஜப்பானிய, ஜெர்மானிய லென்ஸ்கள் என்ற வரிசையை மட்டும் நினைவில் வையுங்கள்.

## வாங்கும் இடத்தில்

அபெர்ச்சரை முழுதாகத் திறந்து, இருட்டான மூலையில் லென்ஸின் பின்புறமிருந்து டார்ச் அடித்துச் சாய்வாகப் பாருங்கள். நூல்போல் கிளைத்திருந்தால் பூஞ்சை. சீரான வெண்மை என்றால் படலம். விளிம்பில் வானவில் தெரிந்தால் ஒட்டு பிரிகிறது. நாலைந்து தூசித் துணுக்குகள் படத்தில் தெரியாது, அதற்காக நல்ல லென்ஸை விடாதீர்கள்.

ஜோர்கி-4 உடம்பின் பின்மூடி கழலும். ஷட்டரைத் திறந்து வைத்து, பிலிம் ஓடும் தடத்தில் சொரசொரப்பான கண்ணாடித் துண்டை வைத்து, ஒரு மீட்டர் தூரத்தில் போகஸ் சரியா என்று பூதக்கண்ணாடியால் அங்கேயே பார்த்துவிடலாம். லைக்கா 3-எஃப் அடிவழியே பிலிம் போடும் கேமரா. இந்தச் சோதனைக்கு வழியில்லை. ஒரு பிலிம் செலவழித்துத்தான் அறிய வேண்டும்.

வாங்கியபின் தோல் உறையில் வைக்காதீர்கள். தோல் ஈரத்தைப் பிடித்துக்கொள்ளும். ஆசிரியர் வீட்டு எல்மாருக்கு நேர்ந்தது அதுதான். காற்றுப்புகாத பிளாஸ்டிக் டப்பா, சிலிக்கா ஜெல், சிறிய ஈரப்பதமானி. 40-க்கும் 50-க்கும் இடையில் முள் நிற்கட்டும். கடற்கரையிலிருந்து திரும்பிய அன்றே உடம்பையும் வளையங்களையும் உலர்ந்த துணியால் துடைத்துவிடுங்கள். இன்னொன்று: ரேஞ்ச்பைண்டரில் லென்ஸுக்கும் ஷட்டருக்கும் இடையில் வெளிச்சத்தை மறிக்கும் ஆடி கிடையாது. மூடியில்லாமல் கேமராவை வெயிலைப் பார்த்து வைத்தால், லென்ஸ் பூதக்கண்ணாடியாகித் துணி ஷட்டரில் ஓட்டை போட்டுவிடும். மூடியோடு வாங்குங்கள்.

## இருவருக்கும் சொன்னது

ஆசிரியரிடம், வேறு வாங்க வேண்டாம் என்றேன். அவருடையது போருக்குப் பிந்தைய, கோட்டிங் உள்ள அசல் எல்மார். பூஞ்சை இளம் நிலையில்தான் இருந்தது. நான்கே முகங்கள், தெரிந்த கை அரை நாளில் முடித்துவிடும். அவர் எடுக்க விரும்புவதும் பேரப்பிள்ளைகளையும் ராயபுரம் ரயில் நிலையத்தையும், எல்லாம் பகலில். 1856-இல் திறந்த அந்தக் கட்டடத்தின் தூண்களுக்கு எஃப் 8 போதும். சுத்தம் செய்தபின்னும் வெளுப்பு மிஞ்சினால் மட்டும் கேனன் பார்க்கலாம், நானே டார்ச்சோடு வருகிறேன் என்றேன்.

தம்பிக்கு ஜூபிட்டர்-8. அவர் காசிமேட்டு ஏலத்தைத் தொடர்ந்து எடுக்கப் போகிறார், உடம்பும் ஜோர்கி. இரண்டு லென்ஸ்களைத் தள்ளிவிட்டு மூன்றாவதை எடுத்தோம்: ஒன்றில் பூஞ்சை, ஒன்றில் வளையம் அசையவே இல்லை. மூன்றாவதன் வெளிப்பூச்சு உரிந்திருந்தது, உள்ளே கண்ணாடி தெளிவு. வரும் ஞாயிறு விடியற்காலை நான்கு மணிக்கு முதல் பிலிம்.